ஸ்ரீரங்கத்துக்கு ஒரு கடற்கரை

குடும்பஸ்தனாகப் பிறந்தவன் மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு கடல் சூழ்ந்த ஒரு தீவுக்குப் போய், மணலில் உட்கார்ந்து இளநீர் குடித்து, அதைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்பி வயிற்றெரிச்சலைக் கிளப்பாவிட்டால் அவனுக்கு நற்கதி கிடையாது என்று இப்போது ஒரு சாஸ்திரம் ஏற்பட்டிருக்கிறது. முன்னெல்லாம் காசிக்குப் போனால் போதும். இப்போது அந்தமான். காட்டூர் அன்புச்செல்வனும் இந்த சாஸ்திரத்துக்குக் கட்டுப்பட்டவர்தான். மே மாத விடுமுறைக்கு விமான டிக்கெட்டே எடுத்துவிட்டார்.

டிக்கெட் எடுப்பது சுலபம். எந்தக் கடற்கரைக்குப் போவது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். அந்தப் பொறுப்பை மனைவி பிரேமலதா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. உலகத்தில் எது எது ஆளை எப்படி எப்படிக் கொல்லும் என்பது அவளுக்கு அத்துப்படி. தினமும் சாப்பாடு ஆனதும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, போய் வந்தவர்கள் எழுதிப் போட்டிருப்பதை எல்லாம் படித்து, ஒவ்வொரு கடற்கரையாகத் தள்ளுபடி செய்துகொண்டே வந்தாள்.

"இந்த பீச்சுல முதலை வருமாம்ங்க."

"எப்பவாவது ஒண்ணு வந்திருக்கும் பிரேமா."

"ஒண்ணு வந்தா போதாதா? கூட்டமா வரணுமா?"

அது போயிற்று. அடுத்த கடற்கரையில் பவளப்பாறை காலைக் குத்தும். அதற்கடுத்ததில் அலை ஆளை இழுக்கும். இன்னொன்றில் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் அங்கே வருகிறவர்கள் எல்லாம் புதிதாகக் கல்யாணம் ஆனவர்களாம்.

"வயசுப் பொண்ணை வச்சிருக்கோம். குடும்பத்துக்குச் சரிப்படாதுங்க."

"நாமளும் கல்யாணம் ஆனவங்கதானே?"

"அது வேற" என்றாள் பிரேமலதா. ஆறாம் வகுப்பு முடித்திருந்த வயசுப் பெண் யாழினி, எந்த பீச்சாக இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்கள், சிநேகிதிகளுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். கடைசியில் ஒரு கடற்கரை தேறியது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் போகாது, கழிப்பறை சுத்தம், தயிர்சாதம் கிடைக்கும்.

அன்புச்செல்வனுக்கு எந்தக் கடற்கரையானாலும் சரிதான். அவர் கடலில் இதுவரை காலை வைத்ததில்லை. சென்னைக்கு மீட்டிங் போகும்போதெல்லாம் ஃபைலைக் கட்டிக்கொண்டு உள்ளே போய், ஃபைலைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து, திருச்சி பஸ்ஸைப் பிடிக்கத்தான் நேரம் இருக்கும். ஒரு முறை ஜன்னல் வழியாக நீலமாக ஒரு கோடு தெரிந்தது. பக்கத்திலிருந்தவர், அதுதான் கடல் என்றார். அலை வந்து திரும்பும்போது காலடி மண்ணைக் கூசக் கூச உருவிக்கொண்டு போகுமாமே, அதை ஒரு தடவை அனுபவித்துவிட வேண்டும் என்று அவருக்கு உள்ளூர ஒரு ஆசை. நரை விழுந்த காலத்தில் இப்படி ஓர் ஆசை வரலாமா என்று கேட்காதீர்கள். வந்துவிட்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவர் வேலை பார்த்ததே தீவு மற்றும் கடலோர நல்வாழ்வு வாரியத்தில்தான். அதன் மத்திய மண்டல அலுவலகம் திருச்சி புத்தூரில், ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் இருந்தது. கடலே இல்லாத ஊரில் கடலோர அலுவலகம் எதற்கு என்று சில விவரமற்றவர்கள் கேட்பதுண்டு. நாகப்பட்டினத்தில் வைத்தால் தூத்துக்குடி கோபித்துக்கொள்ளும்; தூத்துக்குடியில் வைத்தால் நாகப்பட்டினம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். திருச்சியில் எந்தக் கடலும் இல்லை என்பதால் எந்தக் கடலுக்கும் சலுகை காட்டியதாக ஆகாது. நிர்வாகத்தில் இதற்கு நடுநிலை என்று பெயர்.

அங்கே கண்காணிப்பாளர் அன்புச்செல்வனின் தலையாய பணி, மாதாமாதம் சென்னைக்கு 'இன்மை அறிக்கை' அனுப்புவது. மண்டலத்தில் உள்ள தீவுகள்: இல்லை. சுறாவால் கடிபட்டோர்: இல்லை. கரை ஒதுங்கிய திமிங்கலம்: இல்லை. இப்படி இல்லை இல்லை என்று எழுதியே அவர் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மார்ச் மாதம் இணை இயக்குநர் கலையரசனுக்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது.

"என்ன அன்பு, எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னே எழுதறீங்க? ஒருநாள் இந்த ஆபீஸே தேவையில்லைன்னு எழுதிடப் போறாங்க. ஏதாவது ஒண்ணு இருக்குன்னு போடுங்க."

"எதை சார் போடறது?"

"உங்களுக்குத் தெரியாததா? உண்மையாவும் இருக்கணும், உபத்திரவமும் இருக்கக் கூடாது."

அன்புச்செல்வன் யோசித்தார். ஒரு பக்கம் காவிரி, ஒரு பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். சுற்றிலும் நீரால் சூழப்பட்ட நிலப்பரப்பு தீவு எனப்படும் என்று சின்ன வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. தீவுகள்: ஒன்று, ஸ்ரீரங்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். அவர் பொய் எழுதவில்லை. அரசாங்கக் காகிதத்தில் உண்மையை எழுதுவது எத்தனை ஆபத்தானது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஆணை வந்தது. 'பார்வையில் காணும் அறிக்கையின்படி தங்கள் மண்டலத்தில் கண்டறியப்பட்டுள்ள தீவில், குடும்பத்துடன் வருகை தரும் பொதுமக்களுக்கு உகந்த பாதுகாப்பான கடற்கரை ஒன்றினை உடன் தேர்வு செய்து, திறந்து, ஆய்வுக் குழுவின் பாதுகாப்புச் சான்றினைப் பெறுமாறு பணிக்கப்படுகிறது. அதுகாறும் பணியாளர் எவருக்கும் விடுப்பு அனுமதிக்கலாகாது.'

வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் பிரேமலதா எழுந்து நின்றுவிட்டாள்.

"தீவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னா, தீவை இங்க கொண்டாந்து வச்சிருக்கீங்களே! உங்களை யாருங்க ஸ்ரீரங்கத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னது?"

டிக்கெட்டைத் தள்ளிப் போட்டார்கள். அன்புச்செல்வன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆய்வு தொடங்கியது. இணை இயக்குநரும் கண்காணிப்பாளரும் ஜீப்பில் ஏறி, தீவின் கரைகளைப் பார்வையிடப் புறப்பட்டார்கள். முதலில் கொள்ளிடம். மணல் தோண்டிய பள்ளம் ஒன்றில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது.

"ஐயையோ, தண்ணியா?" என்று கலையரசன் இறங்காமலே கதவைச் சாத்திக்கொண்டார். "ஆழம் இருக்கும். வண்டியைத் திருப்புப்பா."

பிறகு அம்மா மண்டபத்துக்குக் கொஞ்சம் தள்ளி, காவிரிக்கு வந்தார்கள். ஆறு கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெறும் மணலாகக் கிடந்தது. வெயிலில் மணல் மினுமினுத்தது. டிரைவர் கலீல் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"சார், கடற்கரைன்னா தண்ணி வேணாமா?"

"கலீல், ஒரு கடற்கரையில ஆளைக் கொல்றது எது?"

"தண்ணிதான் சார்."

"அது இங்க இல்லையே. அப்புறம் என்ன கவலை? அன்பு, நீங்க பாதுகாப்புச் சான்று விதிகளைப் படிங்க."

அன்புச்செல்வன் குடை நிழலில் நின்று படித்தார். "அலையின் உயரம்."

"இல்லை. முழு மதிப்பெண்."

"நீரின் ஆழம்."

"இல்லை. முழு மதிப்பெண்."

"ஜெல்லி மீன்."

"எந்த மீனுமே இல்லையே! எல்லா வகை மீன்களிடமிருந்தும் முழுப் பாதுகாப்புன்னு போடுங்க."

இத்தனை வருஷம் எழுதிப் பழகிய அதே இல்லைகள்தான். இன்று ஒவ்வொன்றும் பொன்னாக விளைந்தது. முடிவில் பார்த்தால், அகில உலகத்திலும் இத்தனை மதிப்பெண் வாங்கிய கடற்கரை வேறு இருக்க முடியாது.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றார் அன்புச்செல்வன். "கடல்?"

"கடல் இருக்கணும்னு விதியில எங்கயாவது போட்டிருக்கா?"

முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். எங்கும் போட்டிருக்கவில்லை. விதி எழுதியவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை போலிருக்கிறது.

முறைப்படி மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர், உத்தர வீதி தேசிகன் சுவாமி.

"ரெண்டு ஆத்துக்கு நடுவுல பெருமாள் யோக நித்திரையில சயனிச்சிண்டிருக்கார். அவருக்குக் கூப்பிடு தூரத்துல பீச்சாவது, கூச்சலாவது! மகா அபசாரம் ஓய்!"

கலையரசன் பணிவாக எழுந்தார். "சுவாமி சொன்னா சரிதான். ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வைக்கணும். பெருமாள் பள்ளி கொண்டிருக்கறது எதுல?"

"க்ஷீராப்தியில. பாற்கடல்ல."

"பெருமாளே கடல்ல இருக்கும்போது பக்கத்துல கரை இருந்தா தப்புங்களா?"

தேசிகன் சுவாமி கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "அப்படிச் சொல்றேளா?" என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரமே மணலோரத்தில் சுவாமியின் புதுக் கடையில் 'க்ஷீராப்தி காபி' என்று பலகை மாட்டியிருந்தது. காபி நன்றாகவே இருந்தது, குறை சொல்ல முடியாது.

ஏற்பாடுகள் மும்முரமாக நடந்தன. கரையில் நிஜத் தென்னை மரங்கள் சில இருந்தன. தேங்காய் குழந்தைகள் தலையில் விழலாம் என்பதால் அவற்றை வெட்டிவிட்டு, காயே காய்க்காத பிளாஸ்டிக் தென்னைகளைத் தொட்டியில் நட்டார்கள். ஆரஞ்சு பனியன் போட்டு, விசில் கொடுத்து, உயிர்காப்பாளர்களை நியமித்தார்கள். நேர்காணலில் கலையரசன் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"நல்லது. தெரிஞ்சவன் தண்ணியைத் தேடிப் போவான்."

அலை இல்லாத குறை தெரியக் கூடாது என்று கம்பத்தில் ஸ்பீக்கர் கட்டி அலை ஓசை போட்டார்கள். கைக்குழந்தைகள் பயப்படுவதாகப் புகார் வந்ததும் சத்தத்தைக் குறைத்தார்கள். சாயங்காலத்தில் ஒரு டேங்கர் லாரி வந்து, குழந்தைகள் கால் நனைப்பதற்காகக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனது. அதில் ஒரு பெண்மணி வழுக்கி விழுந்தார். உடனே ஈரம் தடை செய்யப்பட்டது. 'நீந்தாதீர்', 'நனையாதீர்' என்று பலகைகள் வைக்கப்பட்டன. மக்கள் விதிகளைத் துளியும் மீறவில்லை.

மக்கள் சிரிப்பார்கள் என்றுதான் அன்புச்செல்வன் எதிர்பார்த்தார். மக்கள் வந்தார்கள். புத்தூரிலிருந்தும் எடமலைப்பட்டி புதூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். நேற்று வரை இதே மணலில் வேட்டியை மடித்துக்கொண்டு குறுக்கே நடந்து போனவர்கள், பூப்போட்ட சட்டையும் அரை டிராயரும் ஓலைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து நின்றார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லாத ஆற்றில் மிதவைச் சட்டையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு, மணலில் குப்புறப் படுத்து நீந்துவது போலப் படமெடுத்துக்கொண்டார்கள். துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவர், அங்கேகூட இவ்வளவு சுத்தமான மணல் கிடையாது என்று பேட்டி கொடுத்தார். தஞ்சாவூர்க்காரர்கள் தங்களுக்கு மட்டும் கடற்கரை இல்லையா என்று போராட்டம் அறிவித்தார்கள்.

பிரேமலதா சண்டை போடுவதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழினியுடன் வந்தாள். மணலைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கழிப்பறையைப் பார்த்தாள், தயிர்சாதம் வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்குத் திரும்பியதும் கணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"என்னங்க, நான் தேடித் தேடிப் பார்த்த பீச் எல்லாத்துலயும் ஏதாவது ஒரு கோளாறு. இதுல ஒண்ணுகூட இல்லை. முதலை இல்லை, பாறை இல்லை, டவுன் பஸ்லயே போயிட்டு வந்துடலாம். எதுக்குங்க அந்தமான்?"

"எனக்கு அலை பார்க்கணும் பிரேமா."

"ஸ்பீக்கர்ல வருதே."

"காலை நனைக்கணும்."

"நனைஞ்சா சேத்துப்புண்ணுதான் வரும்" என்றாள் பிரேமலதா. அந்த வாரமே அவள் பாதுகாப்பான கடற்கரைக் குடும்பங்கள் நலச் சங்கத்தின் தலைவி ஆகிவிட்டாள். அன்புச்செல்வன் கொல்லைப்புறத்துக்குப் போய், வாளியில் தண்ணீர் பிடித்துக் காலை விட்டுக்கொண்டு நின்றார். அழுகை வரும்போல இருந்தது. ஆய்வுக் குழு வந்து சான்று கொடுத்துவிட்டால் லீவு கிடைத்துவிடும், ஒற்றை ஆளாகவாவது போய் வந்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆய்வுக் குழு ஜூன் மூன்றாவது வாரம் வருவதாக இருந்தது. ஜூன் பன்னிரண்டாம் தேதி மேட்டூர் அணை திறக்கப்படும் என்று பேப்பரில் வந்தது.

மற்ற வருஷங்களில் இந்தச் செய்தி வந்தால் திருச்சி ஜில்லாவே கொண்டாடும். காவிரி வரும் வழியில் பூத்தூவி, தேங்காய் உடைத்து, பெண்கள் குலவையிட்டு வரவேற்பார்கள். இந்த வருஷம் பேப்பரைப் படித்தவர்களுக்குக் காபி இறங்கவில்லை. கடற்கரைக்குத் தண்ணீர் வருகிறதாமே! கலையரசன் அவசரக் கூட்டம் கூட்டினார். பிரேமலதா சங்கத்தின் சார்பில் பேசினாள்.

"எங்க குழந்தைங்க விளையாடற இடத்துல முன்னறிவிப்பு இல்லாம இவ்வளவு தண்ணியைத் திறந்து விடறாங்களே, யாருங்க பொறுப்பு? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

லால்குடி பக்கத்து விவசாயி பிச்சமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "என்னங்க இது அநியாயமா இருக்கு! தண்ணி வரலைன்னா நாத்து எப்படி விடறது? நாங்க வயித்துல ஈரத்துணியா போட்டுக்கறது?"

"பெரியவரே, உங்க சுயநலத்துக்காகப் பச்சைக் குழந்தைங்க உயிரோட விளையாடாதீங்க" என்று பின்வரிசையிலிருந்து பலர் கத்தினார்கள். பிச்சமுத்துவின் காதில் பக்கத்திலிருந்தவர் ஏதோ சொன்னார். மணலில் பலூன் சுடும் கடை வைத்திருப்பது பிச்சமுத்துவின் மாப்பிள்ளைதானாம்.

"குறுவை போனா என்னங்க, சம்பா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பிச்சமுத்து உட்கார்ந்தார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஆற்றைக் கவனிக்கும் துறைக்குக் கடிதம் எழுதும் வேலை, வழக்கம்போல அன்புச்செல்வன் தலையில் விழுந்தது. 'அரசால் முறையாகத் தேர்வு செய்யப்பட்ட கடற்கரைக்குள் காவிரி ஆறு உரிய அனுமதியின்றிப் பிரவேசிக்க உள்ளதாகத் தெரிய வருவதால், மேற்படி ஆற்றினைத் தடுத்து நிறுத்தியோ அல்லது மாற்று வழியில் செல்லுமாறு அறிவுறுத்தியோ உதவிடக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்று எழுதினார். எழுதும்போது கை கூசியது. லீவை நினைத்துக்கொண்டார், கை சரியாகிவிட்டது.

பதில் வெகு விரைவாக வந்தது. கடிதத்தின் பொருள் கடற்கரை சம்பந்தப்பட்டதாக இருப்பதால், உரிய நடவடிக்கைக்காகக் கடலோர நல்வாழ்வு வாரியத்துக்கு அனுப்பப்படுகிறது என்று மேலே ஒரு வரி எழுதி, அன்புச்செல்வனின் கடிதத்தை அன்புச்செல்வனுக்கே அனுப்பியிருந்தார்கள். வாரியம் நடவடிக்கை எடுப்பதற்குள் காவிரி வந்துவிட்டது.

காலை நேரம். சருகும் நுரையுமாகத் தண்ணீர் மணலை நக்கிக்கொண்டு மெல்ல மெல்ல வந்தது. உயிர்காப்பாளர்கள் அதைப் பார்த்து விசில் ஊதினார்கள். தண்ணீர் நிற்கவில்லை. 'நனையாதீர்' பலகை நனைந்தது. பிளாஸ்டிக் தென்னைகள் தொட்டியோடு சாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே மிதந்து போயின. அந்த வாரியத்தின் வரலாற்றிலேயே கடலைப் பார்க்கப் போனவை அவை மட்டும்தான். அன்புச்செல்வன் கரையில் நின்று, அவை கண்ணுக்கு மறையும் வரை பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், பீச்சே போயிடுச்சு. இனிமே சான்று தேவையில்லைதானே? என் லீவு..." என்று கலையரசனிடம் இழுத்தார்.

"எங்க போச்சு? தண்ணிக்கு அடியில பத்திரமா இருக்கு. இது வெறும் ஆக்கிரமிப்பு. ஆக்கிரமிப்பு விலகினாத்தான் குழு வரும். குழு வந்தாத்தான் சான்று. சான்று வந்தாத்தான் லீவு."

"ஆறு எப்ப சார் விலகும்?"

"அதை ஆத்துக்கிட்டதான் கேட்கணும்" என்றார் கலையரசன்.

அன்புச்செல்வன் அதையும் கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். ஆடிப்பெருக்கு வந்தது. அம்மா மண்டபத்தில் எள் விழ இடமில்லை. பெண்கள் புது மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் படைத்து, சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காவிரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மெய்யாகவே அழகாக இருந்தது. இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், இது பெருகும் நாளிலேயே வந்து, வற்றிப் போ என்று வேண்டிக்கொள்ளப் போகிறேனே என்று உடம்பே கூசியது. இந்த மண்ணில் இப்படி ஒரு வேண்டுதலோடு வந்த முதல் பாவி நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தார்.

யாருக்கும் கேட்காமல் முணுமுணுப்பாக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று, படித்துறை ஓரத்தில் கற்பூரம் விற்கும் வேலம்மாளிடம் ஒரு கட்டி வாங்கப் போய் நின்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சார், தண்ணி வடியணும்னுதானே?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வெட்கப்படாதீங்க. அதோ அந்த வரிசையில போய் நில்லுங்க" என்று கையைக் காட்டினாள்.

வரிசை படித்துறையிலிருந்து ரோடு வரை நீண்டு, வளைந்து திரும்பியிருந்தது. பிரேமலதா தாம்பாளத்தோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் தேசிகன் சுவாமி கண்ணை மூடி ஜபித்துக்கொண்டிருந்தார். பிச்சமுத்து மாப்பிள்ளையோடு வந்திருந்தார். அன்புச்செல்வன் மெதுவாகக் கேட்டார், "அப்ப, தண்ணி எப்பவும் வரணும்னு கும்பிடறவங்க?"

"அவங்களுக்கு இந்தப் பக்கம் சார்" என்றாள் வேலம்மாள், ஆளில்லாத படியைக் காட்டி. "கூட்டமே இல்லை. வேணும்னா உடனே போயிடலாம்."

அன்புச்செல்வன் அந்தப் படியை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு நீளமான வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.